எகிப்து மன்னர் கனவில் கண்ட கதிர் எது?

சூரத்து யூசுஃபை விரிவுரையுடன் நம்மிடம் பயின்றுவந்த மாணவர் ஒருவர், எகிப்து மன்னரின் கனவைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதித் தந்தார். கொழுத்த பசுக்கள் ஏழு, அவற்றைத் தின்னும் மெலிந்த பசுக்கள் ஏழு என்று செம்மையாகத் தொடங்கிய அக்கட்டுரையின் அடுத்த வரியில், மன்னர் பசுமையான மக்காச்சோளக் கதிர்கள் ஏழினைக் கண்டதாக எழுதப்பட்டிருந்தது. அரபு மூலத்தில் இல்லாத மக்காச்சோளம் இங்கு எப்படி வந்தது என்று வினவினோம். ஆங்கில மொழிபெயர்ப்பை ஒப்புநோக்கியதாகவும், அதில் 'கார்ன்' என்றிருந்ததாகவும், கார்ன் என்றால் மக்காச்சோளம்தானே என்றும் அவர் விடையிறுத்தார். அத்துடன் நில்லாமல், "அந்தத் தானியத்தின் பெயரிலேயே மக்கா இருக்கிறதே ஹஜ்ரத், அது அரபு நாட்டுப் பயிராகத்தானே இருக்க வேண்டும்?" என்று ஒரு சான்றையும் முன்வைத்தார்.

அவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. முதுகலை பயின்ற நாட்களில் நாமும் அந்த ஆங்கிலச் சொல்லை அதே பொருளில் வாசித்துக் கடந்து சென்றவர்களே. எனினும் இதனைச் சிறு பிழை என்று விட்டுவிடவும் இயலாது. மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸ் 1492இல் கடல் கடந்து செல்லும்வரை எகிப்தியரும் அரபியரும் அதனைக் கண்டதில்லை. யூசுஃப் (அலை) அவர்கள் காலத்து எகிப்தில் மக்காச்சோளம் விளைந்ததென்று நாம் எழுதினால், வரலாறு அறிந்த ஒருவர் அதனைத் திருமறையின் பிழையாகவே எண்ணக்கூடும். மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழையின் பழி மூலத்தின்மேல் விழும். ஆகவே, மாணவரின் மயக்கத்திற்குக் காரணமான கார்ன், மக்கா ஆகிய இரு சொற்களின் வரலாற்றையும் இங்கு ஆராய்வோம்.

கார்ன் என்பதன் பழம்பொருள்

கார்ன் என்பது மிகப் பழைய ஆங்கிலச் சொல். அதன் முதற்பொருள் மணி, அதாவது தானியமணி என்பதே. ஜெர்மானிய மொழிக் குடும்பம் முழுவதும் இச்சொல் வழங்குகிறது. இலத்தீன் மொழியில் தானியத்தைக் குறிக்கும் 'கிரானும்' என்பது இதனுடன் ஒரே வேரில் கிளைத்தது. அந்த இலத்தீன் சொல்லே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'கிரெய்ன்' எனப் புகுந்தது. எனவே ஆங்கிலத்தில் கார்ன், கிரெய்ன் ஆகிய இரண்டும் ஒருதாய் மக்கள். பருப்பைக் குறிக்கும் 'கெர்னல்' என்பதும் கார்ன் என்பதன் குறுமை வடிவமே. மிளகை ஆங்கிலேயர் 'பெப்பர்கார்ன்' என்பர். மிளகுமணி என்பது அதன் பொருள். உப்பிட்ட மாட்டிறைச்சிக்கு 'கார்ன்ட் பீஃப்' என்று பெயர். அதில் மக்காச்சோளம் சிறிதும் இல்லை. பருமணி உப்பிட்டுப் பதப்படுத்தியதால் அப்பெயர் பெற்றது.

மணி என்ற பொருளிலிருந்து, அம்மணியைத் தரும் பயிர்கள் அனைத்திற்கும் அது பொதுப்பெயராயிற்று. பின்னர், அந்தந்த நாட்டில் எது தலைமைத் தானியமோ அதனைச் சிறப்பாகச் சுட்டத் தொடங்கியது. இங்கிலாந்தில் கார்ன் என்றால் கோதுமை, ஸ்காட்லாந்தில் ஓட்ஸ், ஜெர்மனியில் அதே சொல் பெரும்பாலும் 'ரை' என்னும் தானியத்தைக் குறித்தது. அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர் அந்நாட்டுப் பூர்வகுடிகளின் பயிரை 'இந்தியன் கார்ன்' என்றனர். நாளடைவில் 'இந்தியன்' என்ற அடை நீங்கி, கார்ன் என்று மட்டும் சொன்னாலே அமெரிக்காவில் மக்காச்சோளம் என்றாயிற்று. இன்று பாப்கார்ன், ஸ்வீட் கார்ன் என்று நம் கடைத்தெருவுக்கு வந்திருப்பது இந்த அமெரிக்கப் பொருளே.

இவ்விரு பொருள்களும் ஒரே காலத்தில், ஒரே அரசின் நடவடிக்கைகளில் அருகருகே நின்றதுண்டு. பிரிட்டனில் 1815 முதல் 1846 வரை நடப்பிலிருந்த 'கார்ன் சட்டங்கள்' வெளிநாட்டுக் கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, உள்நாட்டு நிலவுடைமையாளர்களின் நலனைக் காத்தவை. அங்கே கார்ன் என்றது பொதுவாகத் தானியத்தை. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுப் பஞ்சம் தலைகாட்டியபோது, பிரதமர் ராபர்ட் பீல் ஒரு இலட்சம் பவுன் மதிப்புள்ள 'இந்தியன் கார்ன்' அமெரிக்காவிலிருந்து வாங்கச் செய்தார். இது மக்காச்சோளம். அடுத்த ஆண்டே கார்ன் சட்டங்களையும் அவர் நீக்கினார். இந்த வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் இரண்டிடத்தும் ஒரே சொல்லைப் பெய்தால் செய்தியே திரிந்துவிடும்.

தமிழிலும் தானியங்களுக்கு இத்தகைய பொதுப்பெயர் உண்டு. கூலம் என்பது அது. மணிமேகலை ஆசிரியர் சாத்தனாரைக் கூலவாணிகர் என்பது மரபு. அவரை இங்கிலாந்து வழக்கில் 'கார்ன் வணிகர்' எனப் பெயர்த்தால் பொருத்தமாகவே இருக்கும். அதனை ஓர் அமெரிக்கர் வாசித்தால், மதுரை மாநகரில் மக்காச்சோளம் விற்றவர் என்று எண்ணிக்கொள்வார். நம் மாணவருக்கு நேர்ந்ததும் இதுவே.

மொழிபெயர்ப்பாளர்கள் கருதியது

திருக்குர்ஆனின் 12:43, 12:46 வசனங்களில் உள்ள சொல் 'சுன்புலாத்'. அதன் ஒருமை சுன்புலா. தானியப் பயிரின் கதிர் என்பதே அதன் பொருள்; எந்தத் தானியம் என்று வசனம் பெயர் கூறவில்லை. ஜார்ஜ் சேல் 1734இலும், மர்மடியூக் பிக்தால் 1930இலும், அப்துல்லாஹ் யூசுஃப் அலீ 1930களிலும் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்புகள் இவ்விடத்தில் 'கார்ன்' என்பதைச் சேர்த்தே கதிரைக் குறிப்பிட்டன. ஆங்கிலத்தில் கதிருக்கும் காதுக்கும் ஒரே சொல் வழங்குவதால், கதிர் என்று மட்டும் எழுதினால் பொருள் மயங்கும். தானியம் என்ற அடை அங்குத் தேவைப்படுகிறது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலும் இதே கனவு இதே சொல்லால் கூறப்பட்டிருந்தமையால், ஆங்கில வாசகர் அதற்குப் பழகியிருந்தனர். பிக்தால் இங்கிலாந்தில் பிறந்தவர்; யூசுஃப் அலீ பம்பாய் மாகாணத்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்றவர். இருவர் எழுதியதும் பிரிட்டிஷ் ஆங்கிலம்.

ஆதலின் பிழை அவர்களுடையதன்று. அவர்கள் தானியம் என்ற பொருளில் எழுதியதை, அமெரிக்கப் பொருளில் வாசிக்கும் தலைமுறை பின்னர் தோன்றிற்று. 1997இல் வந்த 'சஹீஹ் இன்டர்நேஷனல்' மொழிபெயர்ப்பு கார்ன் என்பதைத் தவிர்த்து, தானியம் எனப் பொதுப்படச் சுட்டுகிறது. தமிழில் நமக்கு இந்த இடரே இல்லை. கதிர் என்னும் ஒரு சொல் சுன்புலாவுக்கு நேராக வந்து பொருந்துகிறது. அருகிலிருந்த அச்சொல்லை விட்டுவிட்டு ஆங்கிலத்தின் வழியே சுற்றி வந்ததுதான் நம் மாணவர் செய்த தவறு.

அரிமளத்து வயல் தரும் விளக்கம்

எகிப்து மன்னரின் கதிர் மக்காச்சோளமாக இருக்க இயலாது என்பதைக் காட்ட வரலாற்று நூல்கள் மட்டும்தான் வேண்டுமென்பதில்லை. திருமறையின் சொற்களையே வயல்வெளியில் நின்று சிந்தித்தாலும் அது விளங்கும். புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் வட்டத்து அரிமளம் நமக்கு அறிமுகமான பூமி. மழையையும் கண்மாயையும் நம்பி நெல் விளைவிக்கும் ஊர் அது. நட்ட நாற்று வேர்பிடித்ததும் அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைப்பதை உழவர் தூர் கட்டுதல் என்பர். ஒரு வித்திலிருந்து பல தண்டுகள், தண்டுக்கு ஒரு கதிர் என நெல் பெருகும். கோதுமையும் வாற்கோதுமையும் இவ்வாறே தூர் கட்டுபவை.

இப்போது 2:261ஆம் வசனத்தை நோக்குவோம். இறைவழியில் செலவிடுவோரின் செல்வம், ஒரு வித்து ஏழு கதிர்களை முளைப்பித்து, ஒவ்வொரு கதிரிலும் நூறு மணிகள் இருப்பதற்கு அங்கு உவமிக்கப்படுகிறது. தூர் கட்டும் பயிரை அறிந்தவருக்கு இவ்வுவமை உடனே விளங்கும். மக்காச்சோளமோ பெரும்பாலும் ஒற்றைத் தண்டாக வளர்வது. ஒன்று அல்லது இரண்டு கதிர்களே ஈனும். ஒரு கதிரிலேயே பல நூறு மணிகள் இருக்கும். அக்கதிரும் தண்டின் நுனியில் அன்றி, இலைக்கணுவில் மடல்கள் பொதிந்து தோன்றுவது. வசனம் காட்டும் சித்திரத்திற்கு இது எவ்வகையிலும் ஒவ்வாது. யூசுஃப் அலீ இவ்விடத்திலும் 'கார்ன்' என்றே எழுதியுள்ளார். அமெரிக்கப் பொருளில் வாசிப்பவருக்கு உவமையின் அழகே கெட்டுவிடும்.

மன்னரின் கனவுக்கு யூசுஃப் (அலை) அவர்கள் கூறிய யோசனையும் கருதத்தக்கது. அறுவடை செய்ததில் உண்பதற்கு வேண்டிய சிறிதளவு போக, எஞ்சியதைக் கதிரிலேயே விட்டுவைக்குமாறு 12:47ஆம் வசனம் கூறுகிறது. பண்டைய எகிப்தின் தலைமைத் தானியங்கள் வாற்கோதுமையும், 'எம்மர்' எனப்படும் உமி எளிதில் நீங்காத கோதுமை வகையுமே என்பதைத் தொல்லியல் காட்டியிருக்கிறது. உமியோடு இருக்கும் மணி ஈரத்தையும் பூச்சியையும் தாங்கி நெடுநாள் நிற்கும். நம் ஊர்களில் குதிரில் கொட்டி வைப்பதும் நெல்லைத்தானே அன்றி அரிசியை அன்று. ஏழாண்டுப் பஞ்சத்தை எதிர்கொண்ட அந்தத் திட்டத்தின் நுட்பம், நெல் சேமிக்கும் குடியில் பிறந்தவருக்கு விரிவுரையின்றியே புலப்படும்.

மக்காச்சோளம் பிறந்த இடம்

மக்காச்சோளத்தின் தாயகம் மெக்சிகோ. அங்குள்ள பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், 'டியோசின்டே' என்னும் காட்டுப்புல்லிலிருந்து ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் பூர்வகுடி உழவர்கள் இதனை உருவாக்கினர் என்பது மரபணு ஆய்வும் தொல்லியலும் இணைந்து நிறுவிய முடிவு. கரிபியன் தீவுகளில் வாழ்ந்த டைனோ மக்கள் அதனை 'மஹிஸ்' என்ற ஒலியில் வழங்கினர். ஸ்பானியர் அதனை 'மாயிஸ்' ஆக்கினர்; அதுவே ஆங்கிலத்தில் 'மெய்ஸ்' ஆயிற்று. கார்ன் என்னும் சொல்லின் மயக்கத்தைத் தவிர்க்க விரும்புவோர் இன்றும் இச்சொல்லையே ஆள்கின்றனர். 1753இல் லின்னேயஸ் இட்ட தாவரவியற் பெயரான 'ஸியா மேஸ்' என்பதிலும் அந்த டைனோச் சொல் இடம்பெற்றிருக்கிறது.

கொலம்பஸுக்கு முன்பே இந்தியாவில் இது இருந்தது என்று வாதிட்டோரும் உண்டு. கர்நாடகத்தின் சோமநாதபுரத்தில் 13ஆம் நூற்றாண்டு ஹொய்சாளக் கோயிற் சிற்பங்கள் சில கையில் ஏந்தியிருப்பது மக்காச்சோளக் கதிர் என்று ஜொஹானசனும் பார்க்கரும் 1989இல் எழுதினர். அவை முத்துகள் பதித்த கற்பனைக் கனிகளே என்று பாயக், சச்சான் ஆகிய இந்திய அறிஞர்கள் 1993இல் மறுத்தனர். இத்தனை பழைமையான பயிராயின் அதன் மணியோ கதிரோ அகழாய்வில் கிடைத்திருக்க வேண்டும். சிற்பத்தில் காணும் உருவ ஒற்றுமையை மட்டும் கொண்டு ஒரு பயிரின் வரலாற்றை மாற்றி எழுத இயலாது.

மக்கா என்னும் அடைமொழி

அவ்வாறாயின் மக்கா எங்கிருந்து வந்தது? வட இந்திய மொழிகளில் இதற்கு மக்கா, மக்கை என்னும் பெயர்கள் உள்ளன. தமிழில் ஏற்கெனவே சோளம் என ஒரு தானியம் இருந்தமையால், புதியதை அதன் இனமாகக் கருதி மக்காச்சோளம் என்றோம். இப்பெயர் புனித மக்கா நகரைச் சுட்டுவதாகப் பலரும் கருதினர்; ஹஜ்ஜுப் பயணமும் செங்கடல் வணிகமும் அதன் வழி என்றனர். வேறு மூலம் கூறுவோரும் உண்டு. முதற்கருத்தே சரியென்று கொண்டாலும், அப்பெயர் தானியம் வந்த வழியைச் சொல்லுமேயன்றிப் பிறந்த இடத்தைச் சொல்லாது. விவசாயமில்லாப் பள்ளத்தாக்கு என்று திருமறையே (14:37) வருணிக்கும் நகரம் அது.

பிற நாட்டார் இட்ட பெயர்களை ஒப்பிட்டால் இது தெளிவாகும். துருக்கியர் இத்தானியத்தை 'மிசிர்' என்கின்றனர். மிசிர் என்பது எகிப்து. எகிப்தியரோ இதனை 'துரா ஷாமிய்யா', அதாவது ஷாம் நாட்டுச் சோளம் என்றனர். இத்தாலியர் 'கிரான்துர்கோ', துருக்கித் தானியம் என்றனர். 1542இல் வெளிவந்த ஜெர்மானியர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸின் மூலிகை நூல், இதன் படத்தை அச்சிட்டுத் துருக்கித் தானியம் எனப் பெயரிட்டது. ஆங்கிலேயரின் 'இந்தியன் கார்ன்' இந்தியாவைச் சேர்ந்ததன்று. அமெரிக்காவை இந்தியா என எண்ணிய கொலம்பஸின் தவற்றால் வந்தது. ஒவ்வொருவரும் அடுத்தவர் வாசலைக் கைகாட்டினர். மெக்சிகோவை எவரும் சுட்டவில்லை.

நம்மிடையே 'சீமை' என்ற அடை வழங்குவதும் இதுபோன்றதே. கண்மாய்க் கரைகளை மூடிக்கிடக்கும் சீமைக்கருவேலம் இங்கிலாந்து மரமன்று. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. வெளியிலிருந்து வந்தது என்று உணர்த்தவே சீமை என்றோம். மக்கா என்ற அடையையும் அவ்வாறே கொள்வது தகும். அப்பெயரில் நமக்குள்ள அன்பு வேறு. அதனை வரலாற்றுச் சான்றாக நிறுத்துவது வேறு. மக்காவின் சிறப்புக்கு மெக்சிகோ நாட்டு உழவரின் உழைப்பை எடுத்துச் சேர்க்க வேண்டிய தேவை ஏதுமில்லை.

துராவும் ஸகாத்தும்

இம்மயக்கம் ஆங்கிலத்தோடு முடிவதன்று. அரபிலும் உண்டு என்பதை அரபுக் கல்லூரி மாணவர்கள் சிறப்பாக அறிய வேண்டும். இன்றைய அரபில் 'துரா' என்றால் பெரும்பாலும் மக்காச்சோளம். பழைய நூல்களில் அச்சொல் குறித்தது நம் நாட்டுச் சோளத்தை. யமனில் தேனிலிருந்தும், துரா, வாற்கோதுமை ஆகியவற்றிலிருந்தும் செய்யப்பட்ட இரு பானங்களைப் பற்றி அபூமூசா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வினவிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அங்கே வரும் துரா, யமன் மக்கள் இன்றும் பயிரிடும் சோளமே. ஸமக்ஷரீ (இறப்பு ஹிஜ்ரி 538, கி.பி. 1144) தம் கஷ்ஷாஃபில் 2:261ஆம் வசனத்தை விளக்குமிடத்து, கதிருக்கு நூறு மணி காண்பது சிறுதானியத்திலும் துராவிலும் உள்ளதே என்கிறார். அவர் மறைந்து 348 ஆண்டுகளுக்குப் பின்னரே கொலம்பஸ் கப்பலேறினார். இன்றைய அகராதியை விரித்து வைத்துக்கொண்டு கஷ்ஷாஃபை வாசிப்பவர், ஸமக்ஷரீயையே மக்காச்சோளம் கண்டவராக்கிவிடுவார்.

கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சை, உலர்திராட்சை, துரா ஆகிய ஐந்தில் ஸகாத் விதிக்கப்பட்டதாக இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடர் பலவீனமானது என ஹதீஸ் அறிஞர் கூறுவர். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பில் துராவுக்கு 'கார்ன்' என்றிருப்பதைக் கண்டு, மக்காச்சோளத்திற்கு நபிமொழியிலேயே பெயர் குறித்து ஸகாத் உண்டு என வாதிடுவது பிழை. ஆனால் மக்காச்சோளத்திற்கு ஸகாத் இல்லை என்பதும் இதன் முடிவன்று. சட்டம் பெயரை நோக்குவதன்று, காரணத்தை நோக்குவது. இமாம் நவவீ (இறப்பு ஹிஜ்ரி 676, கி.பி. 1277) தம் மின்ஹாஜில் கோதுமை, வாற்கோதுமை, அரிசி, பருப்பு ஆகியவற்றைக் கூறி, மக்கள் விரும்பி உண்டு உயிர்வாழும் ஏனைய உணவுத் தானியங்களையும் உடன் சேர்க்கிறார். அவர் கண்டிராத மக்காச்சோளம் அந்தச் சொற்றொடரின் வழியே ஷாஃபிஈ சட்டத்துள் வந்தமைகிறது. இமாம் அபூஹனீஃபாவிடமோ நிலம் ஈனும் விளைபொருளே காரணம். மழைநீராலோ தானே பாயும் நீராலோ விளைந்தால் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. இமாம் ஷாஃபிஈ உள்ளிட்ட பெரும்பாலோரிடம் ஐந்து வஸ்க், அதாவது 300 ஸாஉ என்னும் வரம்பு உண்டு. இமாம் அபூஹனீஃபாவிடம் அவ்வரம்பு இல்லை.

பெயரைப் பிடித்துக்கொண்டால் வரலாறும் கெடுகிறது, சட்டமும் கெடுகிறது என்பதை இவ்வொரு தானியமே காட்டுகிறது. ஒரு சொல்லை வாசிக்கும்போது, அது எந்நாட்டில், எக்காலத்தில், எவர் வாயில் வழங்கியது என்று வினவுவது முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற ஒழுங்கு. அவர்கள் பாலைநில அரபியரின் பேச்சையும் பழங்கவிதைகளையும் தேடித் திரட்டியது இதற்காகவே. மூல மொழியைக் கற்கும் நாம், மூன்றாம் மொழி ஒன்றின் துணையை நாடும்போது அந்த மொழிக்கும் இதே வினாவை இட வேண்டும்.

நம் மாணவர் கட்டுரையைத் திருத்திக் கொணர்ந்தார். 'மக்காச்சோள' என்பதை அடித்துவிட்டுக் 'கோதுமை' என்று எழுதியிருந்தார். விரிவுரையாளர் கருத்துக்கு அது நெருக்கமானதே. ஆயினும் வசனம் சொல்லாததை நாம் ஏன் சொல்ல வேண்டும் என்றோம். அவர் சற்றுச் சிந்தித்து, அதனையும் அடித்தார். பசுமையான கதிர்கள் ஏழு என்பது மட்டும் எஞ்சியது. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.